மட்கார்டில் விழுந்த ஒடுக்கு

இன்று காலை நம்ம காரை விலைக்குப் பார்க்க ஒருவர் வந்தார், அரக்கோணத்துக்காரர். ஷெட் கதவைத் திறந்ததும் பெட்ரோலும் ரெக்சினும் வெந்த வாசனை முகத்தில் அடித்தது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் வாசனை மட்டும் உள்ளே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. வந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், கடைசியில் முன்பக்க மட்கார்டில் இருந்த ஒடுக்கில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது யாரும்மா இடிச்சது? இன்சூரன்சுக்குச் சொல்லலையா?" என்றார்.

"காபி குடிங்க, சொல்றேன்" என்று உள்ளே வந்துவிட்டேன். பால் காயும்வரை அடுப்படியில் நின்று உங்களோடு சண்டை போட்டேன். வண்டி போய், வீடு அடங்கியபிறகு அதையே உட்கார்ந்து எழுதுகிறேன். குறுக்கே பேச உங்களால் முடியாது, நல்லதாகப் போயிற்று.

பட்டுக்கடை நன்றாக நடந்த வருஷம் அந்தப் பிளஷர் காரை வாங்கி வந்தீர்கள். நான்தான் ஆரத்தி எடுத்தேன், நான்தான் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். முன் சீட்டு எனக்கு என்று நினைத்தேன், பைத்தியக்காரி. வைகாசியில் கருட சேவைக்கு மெட்ராஸிலிருந்து உங்கள் அத்தை மகள் வந்து இறங்கினாள். உங்களுக்கென்று பேசி வைத்திருந்து, ஜாதகம் சேரவில்லை என்று விட்டுப்போனவள். "அக்கா, பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள். ஏறி முன்னால் உட்கார்ந்தாள். நீங்கள் வண்டியைக் கிளப்பினீர்கள். வரதர் கோயில் வரைக்கும் அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அடர்த்தியான பின்னல்தான், இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் இன்னும் எரிந்தது.

அதற்கப்புறம் வைகாசிதோறும் வந்தாள். மூன்றாவது வைகாசியில், சேவைக்கு மறுநாள் காலை "பிள்ளையார்பாளையத்துல தறி பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினீர்கள். "நானும் வரேன் மாமா" என்று அவளும் கிளம்பினாள். திரும்பி வந்தபோது ஒரு பக்க விளக்குக் கண்ணாடி இல்லை, மட்கார்டு உள்ளே போயிருந்தது. அவள் நேரே மாடிக்குப் போய்விட்டாள்.

"கல்லுல பட்டுட்டுது. சின்ன அடிதான்" என்றீர்கள்.

"இன்சூரன்ஸ் கட்டிக்கினுதானே இருக்கோம்? சொன்னா அவங்களே சரி பண்ணிக் குடுக்க மாட்டாங்களா?"

"இதுக்கெல்லாம் போய் சொல்வாங்களா? வருஷம் பூரா ஒண்ணும் கேக்காம இருந்தா அடுத்த வருஷம் பிரீமியத்துல குறைப்பாங்க. அது போயிடும்."

கடை நடத்துகிறவர் கணக்குத் தெரிந்துதான் பேசுகிறார் என்று நம்பிவிட்டேன். நமக்குச் சேலை நெய்து தருகிற அம்மா சேலை மடித்துக்கொண்டு வந்தாளே, அதுவரைக்கும் நம்பினேன். வந்தவள் சேலையைப் பிரிக்கக்கூட இல்லை.

"உங்க வூட்டுக்கு வந்துகீற அந்தம்மா நல்லா இருக்கணும்மா. காலைல தெருவுல பாவு இழுத்துக் கட்டிக்கினு இருந்தோம். முனை திரும்பி வண்டி வருது. எனக்கு உசுரே இல்ல. வேற யாருனா இருந்தா பாவு மேலயே ஏத்திட்டுப் போயிருப்பாங்க. அந்தம்மா அப்படியே ஒடிச்சு, கல்லுக்கம்பத்துல வுட்டுட்டாங்க. ஒரு இழை அறுகல."

"யாரு ஒடிச்சது?" என்றேன்.

"அந்தம்மாதான். ஐயா பக்கத்துலதானே உக்காந்துக்கினு இருந்தாரு."

தறியில் ஏற்றும் பட்டு இழையைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தால் மாடு கூட ஒதுங்கிப் போகிற ஊர் இது. அவளும் இந்த ஊரில் பிறந்தவள், வண்டி போனாலும் பரவாயில்லை, இழை அறுபடக் கூடாது என்று அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல காரியம்தான். யார் இல்லை என்றது? ஆனால் ஸ்டீயரிங் எப்போது அவள் கைக்குப் போனது? அதற்கு முந்தின வைகாசியிலும் அதற்கு முந்தினதிலும் நீங்கள் விடியற்காலையில் பார்த்துவிட்டு வந்த தறியெல்லாம் இதுதானா? 

சாயங்காலம் பிடித்துக்கொண்டேன். "சொல்லுங்க இன்சூரன்சுக்கு. யாரு ஓட்டினதுன்னும் சேத்துச் சொல்லுங்க."

"சொன்னா எங்க, எப்படின்னு கேப்பான். தெருவுல பாவு போட்டவங்க தலைல வுழும். பாவம், வேணாம்."

காலையில் பிரீமியம், சாயங்காலம் பாவுக்காரர்கள். அவளைத் தவிர ஊரில் எல்லாரும் உங்கள் வாயில் வந்து போனார்கள்.

அந்த வாரமே இன்சூரன்ஸ்காரர் பாலிசி புதுப்பிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டார். "என்ன சார், அடி பலமா இருக்குது? சொல்லவே இல்லையே. யார் ஓட்டினாங்க?"

நான் காபி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், மாடிப்படியைப் பார்த்தீர்கள். "நான்தான்" என்று நீங்கள் சொன்னால் அவளுக்காகப் பொய் சொன்னீர்கள் என்று ஆகிவிடும். அவள் பெயரைச் சொன்னால் நம் வண்டி பாலிசியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் ஏறிவிடும். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடிந்திருக்காது.

"நான்தான் ஓட்டினேன்" என்றேன்.

"அம்மா ஓட்டுவீங்களா!"

"கத்துக்கினு இருக்கேன்."

நீங்கள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி அவரிடம் நீட்டினீர்கள். பிறகு, "சின்ன அடிதான் சார். ஒண்ணும் கேக்கல. நானே பாத்துக்கறேன்" என்று முடித்துவிட்டீர்கள்.

அவர் தலை மறைந்ததும் எப்படிச் சிரித்தீர்கள்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்குதுன்னு தெரியுமாடி உனக்கு?"

"நாளைக்குக் கத்துக் குடுங்க."

"புடவை கட்டிக்கினு எப்படி ஓட்டுவ?"

"அவ என்ன கட்டிக்கினு இருந்தா?"

சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மறுநாள் ஐயம்பேட்டை ரோட்டில் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். கற்றுக்கொடுத்தீர்களா, கத்தினீர்களா என்று சொல்வது கஷ்டம். கிளட்ச், கிளட்ச் என்று கத்தியதில் வயலில் நாற்று நட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அவளுக்கும் இப்படித்தான் கத்தினீங்களா?" என்றேன். யோசிக்காமல் சொன்னீர்களே: "அவளுக்கு ஒரு தடவை சொன்னா போதும்." நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நடந்தேன். நீங்கள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தீர்கள், "ஏறும்மா, ஏறு, ஊரு பாக்குது" என்று. ஏறினேன். ஓட்டியும் காட்டினேன்.

ஆனால் அந்த ஒடுக்கை மட்டும் நீங்கள் எடுக்கவே இல்லை. விளக்குக் கண்ணாடி மாற்றினீர்கள், வண்டிக்குப் பெயிண்டே அடித்தீர்கள், அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கேட்டால் "வண்டி ஓடுதில்ல?" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கும்போது துணி அந்த இடத்தில் மெதுவாகப் போகும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் வந்தாள். எல்லாரும் கூடத்தில் இருக்க, அவள் மட்டும் ஷெட்டுக்குப் போய் நின்றாள். நான் போனதும் மட்கார்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அக்கா, வண்டியை விக்கறதா இருந்தா எனக்குச் சொல்லுங்க. என்ன விலைன்னாலும் எடுத்துக்கறேன்" என்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என் முகத்தைவிட அதிகமாக வீங்கியிருந்தது. அது அவளுக்கு அடுக்குமா, சொல்லுங்கள்.

அதனால்தான் அரக்கோணத்துக்காரரை வரச் சொன்னேன். காபியைக் கொடுத்துவிட்டு, ஷெட்டிலிருந்து வண்டியை நானே ஓட்டி வெளியே எடுத்தேன். மனுஷன் டம்ளரைப் பிடித்தபடி மலைத்து நின்றார். கியரில் கை வைத்ததும் உங்கள் கை வந்து என் கைமேல் உட்கார்ந்துகொண்டது, ஐயம்பேட்டை ரோட்டில் இருந்த அதே சூட்டோடு. அவள் கைமேலும் அப்படித்தான் வைத்தீர்களா என்று கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பீர்கள். அந்தச் சூடு இப்போதும் என் கையில் இருக்கிறது. அதில் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.

"நாளைக்கே ஒடுக்கெடுத்துடறேம்மா" என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பும் வரைக்கும் மட்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாள் எரிச்சலோடு பார்த்த ஒடுக்கை, போகுமுன் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

வைகாசி வருகிறது, அவளும் வருவாள். காலியான ஷெட்டைப் பார்த்து, வண்டி எங்கே என்பாள். வித்துட்டேன் என்பேன். அப்போது அழுவாள், அழட்டும். அவள் இடித்த இடத்தை யாரோ தட்டி எடுத்துவிட்டார்கள் என்றுதானே அழப்போகிறாள்? அது நான் இடித்தது. சந்தேகம் இருந்தால் இன்சூரன்ஸ்காரரைக் கேட்டுக்கொள்ளட்டும்.