மலர் வீட்டை எடுக்கச் சொன்னது

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் புக் பண்ணணும்.

விளையாட்டில் புது அப்டேட். இனி நெட் இல்லாமல் ஓடாதாம். வீடு கட்டி, செடி வளர்த்து, பக்கத்து வீட்டோடு பேசுகிற விளையாட்டுக்கு எதற்கு எந்நேரமும் நெட்? திறந்ததும் மூன்று விளம்பரம். சோபாவுக்குக் காசு, நாய்க்குக் காசு. தூ.

அதில் என் பக்கத்து வீடு மலருடையது. என் தங்கை. போன மார்கழியில் போய்விட்டாள். வாசல் மணியை அழுத்தினால் அவள் பதிந்து வைத்த குரல்: “அக்கா, வா வா. செருப்ப வெளிய விடு.” அவள் போன் ஆஸ்பத்திரியில் தொலைந்தது. குரல் வேறெங்கும் இல்லை. தினமும் கம்பெனி பஸ்ஸில் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஹெப்பாளில் வேலைக்கு இறங்குவேன்.

இன்று அந்த வீட்டில் பூட்டு. “உரிமையாளர் ஆறு மாதமாக வரவில்லை.” எப்படி வருவாள், பாவிகளா.

சாயந்திரம் செந்தில் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டினார். “இருங்க, கதவ எடுக்கறேன்” என்றேன். “எடுத்து எங்க வெப்ப?” சேலத்துக்காரர். கல்யாணமாகி ஒன்பது வருஷம், அதே கேலி. கதவைத் திற என்பதற்குக் கன்னடத்தில் பாகிலு தெகி, எங்களுக்குக் கதவை எடு. மைசூரில் பிறந்தவள் வேறெப்படிப் பேசுவேன்?

ஜூலை 8, செவ்வாய்

பூட்டு போக ‘நினைவுச் சந்தா’ கட்டணுமாம். கட்டினேன். பூட்டு அப்படியே. பேச ஆள் கிடையாது, சாட் மட்டும். தமிழ் உண்டு. பஸ்ஸில் அடித்தேன்: “மலர் வீட்டை எடுக்கணும். ப்ளீஸ்.”

ராத்திரி அதைப் படித்துவிட்டு செந்தில்: “இனிமே அனுப்பறப்ப எங்கிட்ட ஒரு தடவ காட்டு.”

எனக்குத் தமிழ் தெரியாதாக்கும்.

ஜூலை 10, வியாழன்

பதில்! “மலர் என்பவரின் வீட்டை எடுத்துவிடலாமா? உறுதி செய்யவும்.” அப்பாடா. மிஷின் இல்லை, மனுஷர்தான் போல. “ஆமா, சீக்கிரம் எடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” அனுப்பிவிட்டேன். செந்திலிடம் காட்டவில்லை. ராத்திரிக்குக் கேசரி.

ஜூலை 11, ஆஷாட வெள்ளி

மலைக் கோயிலுக்குக் கூட்டம். பஸ் ஊர்ந்தது. விளையாட்டைத் திறந்தேன். மலர் வீடு இல்லை. வெறும் மனை. புல், வேலி, ‘விற்பனைக்கு’ என்று பலகை.

“உங்கள் கோரிக்கைப்படி வீடு எடுக்கப்பட்டது. மீட்க இயலாது. நன்றி.”

நான்தான். சீக்கிரம் எடுங்க என்று நானே.

பக்கத்து சீட் கீதா, “ஏனாய்த்து சுமதி?” என்றாள். தங்கை வீடு போச்சு என்றேன். மழையில் இடிந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 12, சனி

எங்கள் ஊரில் எடு என்றால் திற என்று விளக்கி நீளமாக எழுதினேன். பதில்: “எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

விளையாட்டில் என் பொம்மை வழக்கம்போல வேலியோரம் போய்க் கையாட்டுகிறது. மேலே ஒரு பெட்டி: “தனிமையா? புதிய அண்டை வீட்டாரை வாங்குங்கள்.” சந்தா இன்னும் ஓடுகிறது.

செந்திலிடம் போனைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். சிரிக்கவில்லை. குடை எடுக்காமல் வெளியே போனார்.

சாப்பிடவில்லை.

ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். “சுமதி, கதவ எடும்மா.”

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

போய்த் திறந்தேன்.