பேரீச்சம்பழத்தின் மேல் போட்ட பழி

எடமலைப்பட்டி புதூர், திருச்சி
ரமலான், சனிக்கிழமை, அதிகாலை பஜ்ரு தொழுதபின்

பிரியமுள்ள மச்சானுக்கு ஆரிஃபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம் அறிய ஆவல் என்று எழுதப்போவதில்லை. உங்கள் நலம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று உங்கள் ரூமில் இருக்கும் ரஃபீக் தம்பி நேற்றே போன் செய்து சொல்லிவிட்டான். அதற்கப்புறம் நான் போட்ட போனையெல்லாம் கட் செய்கிறீர்கள். வாய்ஸ் மெசேஜையும் கேட்பதில்லை. கடையில் கூட்டம், அப்புறம் பேசுகிறேன் என்று ஒரே ஒரு வரி. உங்கள் பெரியம்மா மகன் கலீல் அண்ணன் இன்று காலை ஃபிளைட்டில் ஷார்ஜா வருகிறார். போனைக் கட் செய்யலாம், அண்ணன் கையில் கொடுக்கிற காகிதத்தை என்ன செய்வீர்கள்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாத்ரூமில் தலை சுற்றி, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டீர்களாமே. தூக்க வந்த ரஃபீக் பார்த்திருக்கிறான், வெளிக்குப் போனது தார் மாதிரி கறுப்பு. கேட்டதற்கு, நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் அதிகம் சாப்பிடுகிறேன், அதனால்தான் என்றீர்களாம். மச்சான், உலகத்தில் எத்தனை கோடிப் பேர் பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறக்கிறார்கள்! எல்லோருக்கும் தாராகவா போகிறது? பாவம், வாயில்லாப் பழம், அதன் மேல் பழியைப் போட்டுவிட்டீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று ரஃபீக்கிடம் சொன்னேன். கூப்பிட்டால் ரூமை விட்டே அனுப்பிவிடுவேன் என்று அவனை மிரட்டியிருக்கிறீர்கள். அவன் அழுகிறான்.

நேற்று சாயங்காலமே தில்லைநகருக்கு ஜெஸ்லின் டாக்டரிடம் ஓடினேன். போன லீவில் வாய் வழியாக டியூப் விட்டு உங்கள் வயிற்றைப் பார்த்தவர் அவர்தான். மாமி அப்போது என் மிளகாய்க் குழம்புதான் மகன் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னார். குழம்பு காரணமில்லை, ஒரு கிருமியும், முதுகுவலிக்கென்று நீங்கள் கண்டபடி விழுங்கும் வலி மாத்திரையும்தான் காரணம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு விடுதலை கிடைத்தது. இரைப்பையைத் தாண்டியதும் வருகிற சிறுகுடலில் புண் என்றார். கிருமியைக் கொல்ல இரண்டு வாரம் மருந்து எழுதினார். வலி நின்றதும் நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள். மீதி அட்டை இன்னும் பீரோவில் கிடக்கிறது. சொன்னதற்கு, எப்போதிலிருந்து டாக்டரானாய் என்று என்னைக் கிண்டல் செய்தீர்கள்.

இப்போது விடியுமுன் சஹர் சாப்பாடு முடிந்ததும், பகல் முழுக்கக் கடையில் நிற்கணுமே என்று அதே வலி மாத்திரையை இரண்டிரண்டாகப் போடுகிறீர்களாம். அதன் மேல் நாள் முழுக்க வெறும் வயிறு. சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்கு எரிகிறது, நோன்பு திறந்ததும் அடங்குகிறது. அடங்கினால் குணமாகிவிட்டது என்று உங்களுக்கு நினைப்பு. இந்தப் புண்ணே அப்படித்தான், சாப்பிட்டால் கொஞ்ச நேரம் ஏமாற்றும் என்கிறார் டாக்டர். கறுப்பாகப் போனது ரத்தம் மச்சான். புண்ணிலிருந்து கசிகிற ரத்தம்தான் குடலில் நிறம் மாறி அப்படி வருகிறதாம். கலீல் அண்ணனிடம் கொடுத்தனுப்ப மாத்திரை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மாத்திரை குடுத்து அனுப்புற கட்டம் தாண்டிப் போச்சும்மா. உடனே ஆஸ்பத்திரியில சேரச் சொல்லுங்க" என்றார்.

மறுபடி டியூப் விட்டு ரத்தம் கசிகிற இடத்தை அடைக்கணுமாம். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். கிருமி மருந்தெல்லாம் அதற்குப் பிறகு, முதலிலிருந்து. தள்ளிப்போட்டால் புண் ஓட்டையாகிவிடும், வயிறு பலகை மாதிரி இறுகிவிடும், அவசர அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டிவரும் என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ்ஸில் வரும்போது முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வந்தேன்.

மாமாவுக்கு சுகர் இறங்கியிருக்கிறது. நீங்கள் சொன்ன ஆள் வந்து தண்ணீர் மோட்டாரைச் சரி செய்துவிட்டான். மாமிக்கு உங்கள் விஷயம் எதுவும் தெரியாது, இந்த மாதம் மகன் போனில் அதிகம் பேசுவதில்லை என்று மட்டும் குறைப்படுகிறார்.

நீங்கள் ஏன் நோன்பை விட மாட்டேன் என்கிறீர்கள் என்பதையும் ரஃபீக் சொல்லிவிட்டான். போன வருஷம் ஆறாம் மாதத்தில் நம் பிள்ளை வயிற்றிலேயே போனது. இப்போது வயிற்றில் இருக்கும் இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்கணும் என்று, ஒரு நோன்பும் விடாமல் பிடிப்பதாக நேர்ந்துகொண்டீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கேட்டதும் அழுதேன். அழுகை நின்றதும் கோபம்தான் வந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் யாருக்கோ கேட்பது போல மாமாவைக் கேட்கச் சொன்னேன். உடம்பு அல்லாஹ் நம்பிக் கொடுத்த அமானிதம், நோயாளி இப்போது நோன்பை விட்டுவிட்டுக் குணமானதும் களாவாகப் பிடித்துக்கொள்ளட்டும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் பிடிவாதம் பிடிப்பது இபாதத் ஆகாது, இறைவணக்கமே ஆகாது என்றாராம்.

இதே பேச்சை உங்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். பிறை பார்த்த அன்று நானும் நோன்பு வைக்கிறேன் என்றதற்கு என்ன சொன்னீர்கள்? "புள்ளத்தாச்சிக்கு அல்லாஹ்வே சலுகை குடுத்திருக்கான். அதை வேணாங்க நீ யாரு?" என்று அதட்டினீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். இத்தனை நாள் வைக்கவில்லை.

இன்று சஹருக்கு எழுந்து நானும் நோன்புக்கு நிய்யத் வைத்துவிட்டேன். இப்போதும் எனக்கு ஆறாம் மாதம் நடக்கிறது, வெயில் ஏறுகிறது, என் பிரசவ டாக்டருக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார். எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறேன். நாளைக்கும் வைப்பேன், அதற்கு மறுநாளும் வைப்பேன். கலீல் அண்ணன் ஏர்போர்ட்டிலிருந்து நேராக உங்களிடம்தான் வருவார். படித்து முடித்ததும் மறுபேச்சு இல்லாமல் அவருடன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கட்டிலில் படுத்ததும், ஊசி ஏறுகிற கையைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். அது வந்த நிமிஷம் நான் நோன்பை விட்டுவிடுவேன்.

அல்லாஹ் உங்களுக்கு நோய் தீரும் ஷிஃபாவையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். பிறக்கப்போகிற பிள்ளையின் காதில் நீங்கள்தான் பாங்கு சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்ல நான் விடமாட்டேன். சொம்பில் தண்ணீர் எடுத்துப் போனுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். தாகமாக இருக்கிறது மச்சான், சீக்கிரம் போங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் ஆரிஃபா