சாப்பிரா மரங்களை வெட்டிச் சாய்த்தது குறித்து

அனுப்புநர்
க. பச்சையம்மாள்,
க/பெ. கலையரசன் (மறைவு),
மேற்குத் தெரு, வடக்கனந்தல்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: துணிச் சாயத்தைச் சாராய ஊறல் என்று கொட்டி, சாய விதை மரங்களை வெட்டி, என் தம்பி அன்புச்செல்வனைச் சிறையில் அடைத்தது – நீதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் கருணாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். சாராயம் குடித்து என் கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். மலையடிவாரத்தில் எங்கள் வரப்போரம் தம்பி சாப்பிரா மரங்கள் வளர்த்தான். அது மழைக்காட்டு மரம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் கிடையாது. முள்முள்ளான காயை உடைத்தால் குங்குமம் பூசியதுபோல் விதை இருக்கும். அந்த விதையைச் சாம்பல் தெளிநீரில் ஊறவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுகிறோம்.

2. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறவர்களுக்குத் துணி எங்களிடமிருந்துதான் போகிறது. விரதத் துணி என்பதால் தீட்டுப் படக்கூடாது. அதனால் துணி நனைத்த டிரம்மை வீட்டில் வைக்காமல், ஆள் நடமாட்டமில்லாத ஓடையோரம் தழை போட்டு மூடி வைப்பது வழக்கம்.

3. சென்ற வெள்ளிக்கிழமை சாராயச் சோதனைக்கு வந்த மதுவிலக்குப் போலீஸ் குழுவினருக்கு அந்த வழக்கமே குற்றமாகப் பட்டது. ஓடை, தழை, டிரம் என்று பார்த்ததும் ஊறல் என்று முடிவுகட்டிவிட்டார்கள். “சார், துணிக்குப் போடற சாயம் சார், மோந்து பாருங்க சார்” என்று தம்பி கெஞ்சினான். அவர்களுடைய அதிகாரி குனியக்கூட இல்லை. “இன்னாடா, கலர் சரக்கா?” என்று சிரித்துவிட்டு, டிரம்மை எட்டி உதைத்தார். அம்மனுக்கு என்று நனைத்த துணிகளைச் சேற்றில் மிதித்தார்கள். அதோடு விடாமல், சாராய ஊறலில் போடப் பட்டை உரிக்கும் மரம் இதுதான் என்று சொல்லி, காய்த்து நின்ற சாப்பிரா மரங்களையும் வெட்டிப் போட்டார்கள். எந்த மரத்திலாவது பட்டை உரித்த தடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தம்பி மேல் சாராய வழக்குப் போட்டு, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்ச் சிறையில் அடைத்துவிட்டார்கள் அய்யா.

4. எங்கள் தெருவுக்குப் பின்னால் பாக்கெட் சாராயம் விற்கிறார்கள் என்று நான் முன்பு கொடுத்த மனுவுக்கு ஒரு ஆளும் எட்டிப் பார்க்கவில்லை. சாராயத்துக்குத் தாலியைப் பறிகொடுத்தவள் வீட்டில் சாராய வழக்குப் போட மட்டும் ஜீப்பில் வந்து இறங்குகிறார்கள்.

5. தம்பி மீதான வழக்கை நீக்கி, காப்புக் கட்டும் நாளுக்குள் அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். புதர் மறைவில் தப்பி நிற்கும் ஒரே மரத்தை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவிட வேண்டும். மரங்களை வெட்டியவர்கள் மீது நடவடிக்கை வேண்டும்.

6. சாட்சி கேட்பீர்கள். டிரம்மை உதைத்தபோது அந்த அதிகாரியின் சட்டையிலும் பேண்டிலும் சாயம் தெறித்தது. எங்கள் போர்வெல் தண்ணீரிலேயே தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்; போகவில்லை. என்ன சோப்புப் போட்டாலும் போகாது. சாராயம் அப்படிக் கறை பிடிக்காது என்பதை என் கணவரின் சட்டைகளைத் துவைத்த எனக்குத் தெரியும். அவரை அதே உடுப்போடு தங்கள் முன் நிறுத்துங்கள். அன்றைக்கு முகராததை இன்றைக்காவது முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இடம்: வடக்கனந்தல்
நாள்: 16.03.2026

கோபத்தோடும், தங்கள் மீது மிச்சமிருக்கும் நம்பிக்கையோடும்,
க. பச்சையம்மாள்
(கையொப்பம்)