மாடத்தில் வைத்த சீட்டு

சோஹாக், எகிப்து,
ஞாயிறு

என் கண்ணே இரீனி, கர்த்தர் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் உள்ளுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. குழந்தை கீரல்லுஸுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் அவன் இதயத்தில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வைத்த ரொட்டி அப்படியே கிடக்கிறது. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால் நாளை டொரொண்டோவுக்கு விமானம் ஏறும் பாதிரியார் லூக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். பழைய மடத்தில் அகழாய்வுக்காக நாங்கள் தோண்டும் துறவியின் அறைச் சுவரில் ஒரு மாடம், அந்தக் காலத்திலேயே சாந்து பூசி அடைத்தது. போன வாரம் வேலை முடிகிற நேரம் சாந்தில் ஒரு மூலை பெயர்ந்தது. ஆயிரத்து நானூறு வருஷம் யார் கையும் படாத இடம்! புனிதர் கல்லறையில் வேண்டுதல் சீட்டு எழுதிப் போடுவோமே, அதே நினைப்பில் கீரல்லுஸ் பெயரை எழுதி மடித்து உள்ளே தள்ளிவிட்டேன். மண்ணைக் கலைத்தால் கையை ஒடிப்பேன் என்று முப்பது வருஷமாகக் கூலியாட்களிடம் கத்துகிறவன் நான், எனக்கு வந்த புத்தியைப் பார்.

மறுநாள் அகழாய்வை நடத்தும் டாக்டர் நவால் மாடத்தைத் திறந்ததும் முதலில் வந்தது என் சீட்டு. யாரோ முன்னாடியே திறந்து உள்ளே இருந்ததைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க என்று அந்த அம்மாள் காவலாளி சப்ரியைப் பிடித்துக்கொண்டார். என் பிள்ளைங்க மேல சத்தியமா எனக்குத் தெரியாதும்மா என்று அவன் அழுதான். அதற்கு மேல் வாய் மூடி நிற்க முடியுமா? நான்தான் வச்சேன் என்று சொல்லிவிட்டேன். ஏன்யா விஸ்ஸா, நீயே இப்படிப் பண்ணலாமா என்று கத்தித் தீர்த்தவர், பேரனுக்கு மூன்று வயது, இதய ஆபரேஷன் என்றதும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை முடியற வரைக்காவது திருப்பி வச்சிடுங்கம்மா என்று கெஞ்சினேன். மண்ணுல கிடைச்சதுக்கு நம்பர் போட்டே ஆகணும், நான் என்ன செய்ய என்றார். இப்போது குழந்தையின் பெயர் நம்பரோடு இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது.

கொடுத்த வேண்டுதலைத் துறவி திருப்பி நீட்டிவிட்டாரோ என்று மனசு அடித்துக்கொள்கிறது இரீனி. அதனால் தினமும் காலையில் குழிக்குள் இறங்கும்போது அவரிடம் வாயாலேயே சொல்கிறேன். ஆட்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சப்ரி மட்டும் சிரிப்பதில்லை, முஸ்லிமாக இருந்தும் என் பக்கத்தில் வந்து நின்று ஆமென் என்கிறான்.

நோன்பு என்று ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு உட்காராதே, நோன்புக்கு ஆகாத பாலும் முட்டையும்கூடச் சாப்பிடு, பரவாயில்லையா என்று பாதிரியாரிடம் கேட்டுவிட்டேன். சீட்டு விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. குழந்தை கண் விழித்ததும் போனை அவன் வாயருகே வை. அழுதாலும் சரி, நான் கேட்க வேண்டும்.

உன் அப்பா,
விஸ்ஸா