அறுபத்தெட்டுன்னு சொல்லிட்டேன்

வீட்டு மகாராணிக்கு உங்க வாட்ச்மேன் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். சர்க்கரை ஊசி விடாம போட்டுக்கிறியா? திட்ட ஆளில்லாம வாய் வலிக்குமே.

இங்க யுனிவர்சிட்டில பிள்ளைங்களைத் தலைவருங்களாக்க வகுப்பு நடத்துறாங்க. வளாகத்துல ஒரு குறையைக் கண்டுபிடிச்சு அவங்களே தீர்க்கணுமாம். எங்க கேட்டுக்கு ஒரு வாயாடிப் பொண்ணு வந்துச்சு.

"தாத்தா, பன்னெண்டு மணி நேரம் நிக்கிறீங்களே, வயசென்ன?"

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அறுபத்தெட்டு. ஓடிப் பார்க்கலாமா, உன்னை முந்திடுவேன்"னேன். வேலைக்குச் சேரும்போது வயசைக் குறைச்சு அம்பத்தாறுன்னு சொன்னது மறந்தே போச்சு.

அந்தப் பொண்ணு அதை அப்படியே எழுதி மேடையில படிச்சு முதல் பரிசு வாங்கிடுச்சு. கேட்டுக்கு நாற்காலியும் வந்துச்சு. மறுநாள் சூப்பர்வைசர் வந்து, "பெரியவரே, அறுபது தாண்டினவங்க வேணாம்னுட்டாங்க. இந்த மாசத்தோட சரி"ன்னார்.

பொண்ணு ஓடிவந்து அழுதுச்சு. "நான் போய்ப் பேசறேன் தாத்தா"ன்னுச்சு. "பேசினவரைக்கும் போதும்டி தலைவி, போய்ப் படி"ன்னு சிரிச்சு அனுப்பிட்டேன். அப்புறம் அந்த நாற்காலில உக்காந்தவன் எழுந்திரிக்க ரொம்ப நேரமாச்சு.

நீ காசுக்குப் பயந்து ஊசியை நிறுத்திடாதே. பக்கத்து குடோன்ல ஆள் கேக்குறாங்க, அறுபதுக்குள்ள இருக்கணுமாம். தலைக்கு டை எப்படிக் கலப்பே, எவ்வளவு நேரம் ஊறவிடணும்னு உடனே எழுது. நானே பூசிப் பார்த்தேன், பின்னந்தலைக்குக் கை எட்டல.

வண்டி ஹாரன் அடிக்குது, கேட்டைத் திறக்கணும்.

உன் கிழவன்