சுறுமா அனுப்ப வேண்டாம்

தோஹா
சனிக்கிழமை

அன்பின் உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

வீடியோவில் வந்தால் கண் சிவந்திருப்பதைக் கண்டுவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். மீன் வைக்கும் குளிர் அறையில் என் மூக்குக்கண்ணாடியில் பனி படிவதால், வேலை வேண்டுமென்றால் லென்ஸ் போடு என்று சொல்லிவிட்டார்கள். நேற்று ஜும்ஆவுக்குப் போகும்போது, லென்ஸ் இருப்பதை மறந்து, நீங்கள் அனுப்பிய சுறுமா மையைக் கண்ணில் இட்டுவிட்டேன். எரிச்சல் தாங்காமல் லென்சைக் கழற்றப் போனால், விரல் கிட்ட வந்ததும் கண் தானாக மூடிக்கொள்கிறது.

"நான் என்ன உன்ட கண்ணையா புடுங்கப் போறன்?" என்று என் அறையில் இருக்கும் கோமாரி ஊர்த் தனுசனும் முயன்றான். முடியவில்லை. கடைசியில் கண்ணாடிக் கடையில்தான் கழற்றினார்கள். கண் ஆறியதும் திரும்பப் போட வேண்டும்.

இனிச் சுறுமா அனுப்ப வேண்டாம். ஒன்றை மட்டும் எழுதுங்கள் உம்மா. சின்ன வயதில் எனக்குச் சுறுமா இடும்போது, நான் கண்ணை மூடாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?

பஸ் வந்துவிட்டது.

மகன் அஸ்கி