முகாம் வாசலில் இறங்கியது

பிள்ளை,

இந்த நாட்டுப் படையில் சேர என் கையெழுத்துக் கேட்டு நீ மேசையில் வைத்த படிவத்தைப் பார்க்காமலிருக்க, பத்து நாளாகக் குசினி வழியாகச் சுற்றிப் போகிறேன்.

நேற்றிரவு நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு வரும்போது, வழி தவறி ஹோல்ஸ்வேர்தி இராணுவ முகாம் வாசலுக்குப் போய்விட்டோம். காவல் நின்ற பெண் கையைக் காட்டி மறித்தாள். நான் காரிலிருந்து இறங்கி, லைசென்சைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். ஊரில் சோதனைச் சாவடியில் அப்படித்தான் நடப்போம்.

"காரைத் திருப்பத்தான் சொல்லுறாள், ஏறுங்கோ அண்ணை!" என்று றமேஸ் அங்கிள் கத்தினார்.

அவளுக்கு உன் வயதிருக்கும். "ஆர் யூ ஓகே, சேர்?" என்றாள். சீருடை போட்ட ஒருவர் என்னை இப்படிக் கேட்டது இதுதான் முதல்தடவை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். சீருடையோடு வீட்டுக்கு வரும் நாளில் மட்டும், ஊரில் அவர்கள் தட்டியதுபோல் கதவைத் தட்டாதே. உன்னிடமிருக்கும் திறப்பால் பூட்டைத் திறந்து வா.

அப்பா